எரிவா, விறைப்பா, உளைவா? நரம்பு நோவோடு புதிதாக வாழப் பழகுபவர்களுக்கு

ஐந்து வருசத்துக்கு முந்தி, ஒரு தை மாதப் பின்னேரம். பள்ளிக்கூடச் சீருடைகள் குவிந்து கிடந்த நேரம். மெசினை விட்டு எழும்பிக் குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால், சீமெந்து நிலத்தில் அடிக்கொரு சிவப்புப் பொட்டு. யாருக்கு வெட்டியது என்று தேடினேன். எனக்குத்தான். வலது குதிக்காலில் ஒரு குண்டூசி, தலை மட்டும் வெளியே தெரிய ஏறியிருந்தது. துளிகூட நோகவில்லை. ஆனால் இதே கால் இரவில் ஃபான் காற்றுப் பட்டாலே தணலில் வைத்ததுபோல எரியும். போர்வை விளிம்பு தொட்டால் உதறிக்கொண்டு எழும்புவேன்.

ஊசி ஏறினால் தெரியாத கால் ஒன்றுமே இல்லாத நேரத்தில் எரிகிறது. கன நாள் எனக்கு இது விளங்கவில்லை. வளவு நாயை நினைத்தபோதுதான் பிடிபட்டது. கிழடு தட்டிய நாய் இரவு முழுக்க வெறும் இருட்டைப் பார்த்துக் குரைக்கும், கள்ளன் படலையைத் திறந்தால் படுத்திருக்கும். பழுதான நரம்பும் அப்படித்தான். அதனால் நமக்கு இரண்டு வேலை: இரவில் நாயை அமர்த்த வேண்டும், பகலில் அது பார்க்காத காவலை நாமே பார்க்க வேண்டும். நான் வைத்தியர் இல்லை, கொக்குவிலில் தையல் வேலை செய்கிறவள். சலரோகம் என்கிற சீனி வருத்தத்தோடும் நரம்பு நோவோடும் காலம் ஓட்டுகிறேன். கிளினிக்கில் கேட்டதையும் பட்டுத் தெளிந்ததையும் சேர்த்து, இப்போதுதான் தொடங்கியிருக்கிற ஆட்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் நோவுக்குப் பெயர் வையுங்கள்

முதல் நாள் கிளினிக்கில் ஒரு இளம் டொக்டர் கேட்டா: "எப்பிடி அம்மா நோகுது?"

"சரியான நோ, டொக்டர்."

"அது விளங்குது. எப்பிடிப்பட்ட நோ?"

எனக்கு வாயடைத்துப் போனது. நோவென்றால் நோதானே! பிறகு யோசித்தால், எங்கள் பேச்சில் இதற்கு இருக்கிற சொற்கள் கொஞ்சமில்லை. வேலை செய்து களைத்த தசையிலும் மூட்டிலும் வருவது உளைவு. நரம்பு நோ அப்படி வராது. எரிவு, விறைப்பு, ஊசி குத்து, எறும்பு ஊருகிறமாதிரி, கரண்ட் அடித்தமாதிரி சுள்ளென்று ஓடுகிறது என்றுதான் வரும். இந்தச் சொற்களைச் சொன்னாலே வைத்தியருக்குப் பாதி வழி தெரிந்துவிடும். "உளையுது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் நோக்குளிசையோடு திரும்பி வரவேண்டியதுதான்.

ஒரு பழைய கொப்பி எடுங்கள். இரண்டு கிழமைக்கு நாளுக்கு ஒரு வரி போதும்: எந்த நேரம், எந்த இடம், எப்படிப்பட்ட நோ, 0 இலிருந்து 10க்குள் எத்தனை, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். இடத்தைச் சரியாகக் குறிப்பது முக்கியம். இரண்டு காலிலும் விரல் நுனியில் தொடங்கிச் சொக்ஸ் போட்ட அளவுக்கு ஏறுகிறதென்றால் பெரும்பாலும் சீனியோ விற்றமினோ சம்பந்தப்பட்ட கதை. உடம்பில் நீளமான நரம்புதான் முதலில் அடிபடும், அதனால்தான் கால்விரலில் தொடங்குகிறது. இடுப்பில் தொடங்கி ஒரு காலில் மட்டும் முழங்காலுக்குக் கீழே இறங்கினால் முதுகெலும்புக்குள் நரம்பு நசுங்கியிருக்கலாம். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் இரவில் விறைத்து, எழும்பிக் கையை உதறினால் சுகமாகிறதென்றால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது. நெஞ்சிலோ முதுகிலோ ஒரு பக்கம் மட்டும் பட்டிபோலக் கொப்புளம் வந்து ஆறிய இடத்தில் எரிந்தால் அது அக்கி விட்டுப்போன நோ.

அக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. சின்ன வயதில் வந்த கொப்பளிப்பானின் கிருமிதான் நரம்புக்குள் ஒளிந்திருந்து பிறகு அக்கியாக வருகிறது. கொப்புளம் கண்டு 72 மணித்தியாலத்துக்குள் வைரஸ் மருந்து தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும். ஊரில் மந்திரித்துப் பார்வை பார்க்கிறதென்றால் பாருங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுப் போங்கள்.

காரணம் தேடாமல் குளிசை வாங்காதீர்கள்

இதில்தான் நான் ஒரு வருசத்தைத் தொலைத்தேன். கால் விறைக்கிறது என்று ஒரு பாமசியில் சொன்னேன், "நரம்புக் குளிசை" தந்தார்கள். இன்னொரு இடத்தில் வேறு பெயரில் இன்னொன்று. உறவுக்காரர் ஒருவர் கனடாவில் இருந்து மூன்றாவது போத்தலைக் கொண்டுவந்தார். மூன்றையும் விழுங்கினேன். மூன்றிலும் பி6 விற்றமின் இருந்தது. பி6 அளவுக்கு மிஞ்சி நெடுநாள் உள்ளே போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும் என்பது கிளினிக்கில் சொல்லித்தான் தெரியும். விற்றமின்தானே, என்ன செய்யப்போகிறது என்று நினைக்காதீர்கள். லேபலைப் பாருங்கள், ஒன்றுக்கு மேல் வேண்டாம், அதையும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

உண்மையில் எனக்குக் குறைவாக இருந்தது பி12. காரணம் இரண்டு. நான் சைவம், மீன் முட்டை தொடுவதில்லை. அதோடு கனகாலம் மெட்போர்மின் போடுகிறேன். அந்தக் குளிசை பி12ஐ உடம்பு உறிஞ்சுவதைக் குறைக்கும். நீங்களும் மெட்போர்மின் போடுகிறீர்கள், கால் விறைக்கிறது என்றால் "பி12 பார்த்தீங்களா டொக்டர்?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

வழக்கமாகச் செய்யச் சொல்கிற சோதனைகள்: வெறும் வயிற்றில் சீனி (126 அல்லது அதற்கு மேல் இருந்தால் சலரோகம் என்று எடுப்பார்கள், இன்னொருமுறை பார்த்து உறுதிசெய்வார்கள்), மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி, பி12, தைரொயிட், சிறுநீரகம். உள்ளங்காலில் நைலோன் நூல்போல ஒன்றால் தொட்டுப் பார்ப்பார்கள், இசைக்கவையை அடித்து விரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு உண்மையைச் சொல்லுங்கள். என் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஐயா, தொடாத நேரத்திலும் "தெரியுது, தெரியுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார், பரீட்சையில் பெயிலாகிவிடுவோம் என்ற பயம்போல. குடிப்பழக்கம் இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். கள்ளோ சாராயமோ, மதுவும் நரம்பைத் தின்னும். தோலில் வெளிறிய படை இருந்து அந்த இடத்தில் தொடுகை தெரியாவிட்டால் கட்டாயம் காட்டுங்கள். தொழுநோய் இன்னும் ஒழிந்துவிடவில்லை, மருந்து இலவசம், முழுதாகச் சுகமாகும்.

எங்கே போவது? யாழ். போதனா வைத்தியசாலைக்கு நேரே ஓடவேண்டியதில்லை. தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளிலும் கிளினிக் இருக்கிறது. தேவையென்றால் அங்கிருந்து அனுப்புவார்கள். விடியவே போய் நம்பர் எடுங்கள், கிளினிக் கொப்பியோடு வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள், நாட்டு மருந்தையும் சேர்த்து. ஆஸ்பத்திரியில் மருந்து முடிந்து வெளியில் வாங்கத் துண்டு தந்தால், கொம்பனிப் பெயரில்லாமல் மருந்தின் பொதுப் பெயரில் மலிவானது இருக்கிறதா என்று பாமசியில் கேளுங்கள். விலை வித்தியாசம் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

காத்திருக்கக் கூடாத நேரம்

சலம் போக முடியாமல் அடைப்பது, சலமோ மலமோ தெரியாமல் போவது, கதிரையில் இருக்கும்போது படுகிற இடமும் தொடையிடுக்கும் விறைப்பது, இரண்டு காலும் திடீரெனச் சோர்வது: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. முகம் கோணி ஒரு பக்கக் கை கால் விழுந்தாலும் அப்படியே. 1990க்கு அடியுங்கள், அம்புலன்சுக்குக் காசு இல்லை. காலில் புண் கறுத்தாலோ மணத்தாலோ அடுத்த கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காதீர்கள்.

மருந்தை விளங்கிப் போடுங்கள்

பனடோலும் டைக்குளோபினாக்கும் நரம்பு நோவுக்குப் பெரிதாகக் கேட்காது. டைக்குளோபினாக் போன்றவை சலரோகக்காரரின் சிறுநீரகத்துக்கும் கூடாது. நரம்புக்குக் கொடுப்பது வேறு வகை: அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரிகாபலின், டுலொக்செட்டின். அமிட்ரிப்டிலின் துண்டைப் பார்த்துவிட்டு வீட்டில் ஒரே குழப்பம், "இது மனவருத்தத்துக்குக் குடுக்கிறதெல்லோ" என்று. ஆம், அதற்கும் கொடுப்பார்கள், அது கூடிய அளவில். நரம்புக்கு இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். குரைக்கிற நாயை அமர்த்துகிற வேலைக்குத்தான் அது.

எனக்கு முதல் கிழமை வாய் காய்ந்தது, விடிய எழும்பத் தலை பாரமாக இருந்தது. படுக்கப் போகும்போது போட்டதை இரண்டு மணித்தியாலம் முந்தி, எட்டு மணிக்குப் போடச் சொன்னார்கள், காலைப் பாரம் குறைந்தது. கண்ணில் அழுத்த வருத்தம், இதயத் துடிப்பில் கோளாறு, ஆண்களுக்குச் சலம் போகச் சிரமம் இருந்தால் இதைத் தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள். கபாபென்டினும் பிரிகாபலினும் தலை சுற்ற வைக்கும், கால் வீங்கலாம், சிறுநீரகத்தைப் பார்த்துத்தான் அளவு தருவார்கள். மதுவோடும் நித்திரைக் குளிசையோடும் சேர்ந்தால் ஆபத்து. தொடங்கிய நாட்களில் மோட்டார் சைக்கிள் ஓடாதீர்கள். பிரிகாபலினைப் போதைக்குப் பாவிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள், ஆகவே கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள், யாருக்கும் "ஒண்டு போட்டுப் பார்" என்று கொடுக்காதீர்கள்.

இரண்டு தவறு எல்லாரும் செய்கிறோம். நாலு நாள் போட்டுவிட்டுக் கேட்கவில்லை என்று விடுவது ஒன்று. சரியான அளவுக்கு ஏறிய பிறகும் நாலு முதல் ஆறு கிழமை கொடுத்துத்தான் தீர்ப்புச் சொல்லலாம். கொஞ்சம் சுகமானவுடன் ஒரேயடியாக நிறுத்துவது மற்றது. இவற்றைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நோ பூச்சியமாகும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். எட்டு நாலாகினால் அது பெரிய வெற்றி. எனக்கு அப்படித்தான்.

சித்த மருத்துவம் செய்ய விருப்பமென்றால் கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது, படித்த வைத்தியர்கள். ஊர் பேர் இல்லாத பொட்டலத்தில் வருகிற பஸ்பத்தை மட்டும் வாங்காதீர்கள். ஈயமும் பாதரசமும் பாஷாணமும் நரம்பைக் கெடுக்கிற சாமான்கள். இரண்டு பக்க மருந்தையும் இரண்டு பக்க வைத்தியருக்கும் சொல்லுங்கள்.

காலுக்கு நீங்களே காவல்

விறைப்பு இருக்கிற எல்லாரும் இதை மட்டும் என்றாலும் செய்யுங்கள். இரவு முகம் கழுவிய பிறகு கதிரையில் இருந்து, பழைய முகக்கண்ணாடி ஒன்றை நிலத்தில் வைத்து உள்ளங்காலைக் காட்டிப் பாருங்கள். விரலிடுக்கு, குதி, பெருவிரல் அடி. கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். என் பேத்திக்கு ஏழு வயது, "அம்மம்மான்ரை கால் செக்கிங்" என்று ரோச் லைட்டோடு வந்துவிடுவாள். போன வருசம் சின்னவிரலுக்கிடையில் வெடிப்பைக் கண்டதும் அவள்தான்.

வீட்டுக்குள்ளும் செருப்பு. இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் முகம் சுளிப்பார்கள், நானும் சுளித்தவள்தான். உள்ளுக்குப் போட என்று தனியாக ஒரு சோடி வாங்கினேன், அது படலை தாண்டுவதில்லை. குதியில் பட்டி உள்ளதாகப் பாருங்கள். விறைத்த காலில் இருந்து கழன்று போனால் தெரியாது. போடுமுன் தட்டிப் பாருங்கள், உள்ளே கல்லோ பனங்கொட்டைத் தும்போ இருக்கும். கால் கழுவித் துவாயால் விரலிடுக்கை ஒற்றித் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் பூசலாம், இடுக்கில் வேண்டாம். ஆணிக்காலைப் பிளேட்டால் சீவாதீர்கள்.

ஒத்தடத்தில் கவனம். உளைவுக்கு உப்பு ஒத்தடமும் நொச்சித் தண்ணீரும் எங்கள் கை வைத்தியம். ஆனால் விறைத்த காலுக்குச் சூட்டின் அளவு தெரியாது, தோல் வெந்த பிறகுதான் கண்ணால் காண்போம். தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள், அல்லது விறைப்பு இல்லாத ஒருவரைக் கேளுங்கள். எரிகிறது என்று ஐஸ் கட்டியில் வைப்பதும் இதே பிழை.

அடுத்தது நல்லூர். இருபத்தைந்து நாள் திருவிழா, செருப்பைக் கழற்றிவிட்டு வீதியில் இறங்கினால் மத்தியானத்தில் மணல் அடுப்பில் வறுத்தமாதிரிக் கொதிக்கும். கால் தெரிகிற ஆட்கள் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடுவார்கள். எங்களுக்குத் தெரியாது, நாங்கள் நிதானமாக நடந்து வந்து வீட்டில் கொப்புளத்தைக் காண்போம். நான் இப்போது விடியப் பூசைக்கோ இரவுத் திருவிழாவுக்கோதான் போவது. வந்தவுடன் கால் கழுவி, கண்ணாடி. கந்தன் கோபிக்கமாட்டான் என்று ஐயரே சொன்னார்.

இரவை எப்படிக் கடப்பது

பகலில் வேலை மறைத்து வைத்திருக்கிற நோ எல்லாம் படுத்தவுடன் வெளியே வரும். போர்வை படுகிறதுதான் தொல்லையென்றால், கால்மாட்டில் ஒரு காட்போட் பெட்டியைப் பக்கவாட்டில் வைத்து அதற்குள் காலை விடுங்கள், போர்வை பெட்டிக்கு மேலே கிடக்கும். நான் தையல்நூல் வந்த பெட்டியைத்தான் வெட்டி வைத்திருக்கிறேன். நுளம்பு வலையும் காலில் முட்டாது. ஃபானைத் தலைப்பக்கம் திருப்பிவிடுங்கள். பின்னேரத்துக்குப் பிறகு பிளேன்ரீ வேண்டாம். நித்திரை வராமல் அரை மணித்தியாலம் புரண்டால் எழும்பி இருந்து ஏதாவது செய்யுங்கள். நித்திரை குழம்பினால் அடுத்த நாள் நோ கூடும், நோ கூடினால் அடுத்த இரவு நித்திரை போகும். இந்தச் சங்கிலியை எங்கேயாவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும், அதற்கு லேசான இடம் படுக்கைதான்.

நல்ல நாளில்தான் கூடக் கவனம்

ஒரு நாள் விடியக் காலில் எரிவே இல்லை. அட, சுகம் என்று வளவு முழுக்கக் கூட்டி, மாமரத்தடிச் சருகை அள்ளி, இரண்டு வாளி உடுப்புத் தோய்த்தேன். அதற்கு மூன்று நாள் கட்டிலில் கிடந்தேன். பிறகு மூன்று நாள் கிடந்த குற்றத்துக்கு நாலாம் நாள் இன்னும் கூட வேலை. இப்படி ஒரு வருசம்.

இதற்கு வழி: நோ கூடாமல் எத்தனை நிமிசம் ஒரு வேலை செய்யமுடியும் என்று அளந்து பாருங்கள். எனக்குக் கூட்டுவதில் இருபதாவது நிமிசம் எரிவு தொடங்கும். ஆகவே பதினைந்தில் விளக்குமாற்றைச் சாத்திவிட வேண்டும், சருகு பாதி கிடந்தாலும். அலுப்பான நாளிலும் பதினைந்து, துள்ளுகிற நாளிலும் பதினைந்து. கிழமைக்கு ஒரு நிமிசம், இரண்டு நிமிசம் கூட்டலாம். போனில் மணி வைத்துக்கொள்ளுங்கள், மனம் ஏமாற்றும். பாதி கூட்டிய முற்றத்தைப் பார்த்து மாமி முதலில் முணுமுணுத்தா, இப்போது பழகிவிட்டா.

நடையும் இதே கணக்குத்தான். பத்து நிமிசத்தில் தொடங்குங்கள். விடிய ஐந்தரைக்குக் கோட்டையைச் சுற்றியோ பண்ணைப் பக்கமோ நடக்கிறவர்களைப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் எங்கள் கட்சி. மூடிய சப்பாத்து, உள்ளே பருத்திச் சொக்ஸ். நடக்கும்போது கொஞ்சம் நோகலாம், அதற்காக நரம்பு மேலும் அறுகிறது என்று அர்த்தமில்லை. நாய் குரைக்கிறது, அவ்வளவுதான். அடுத்த நாளும் கூடியே இருந்தால் தூரத்தைக் குறையுங்கள்.

தோட்டக்காரருக்கு ஒன்று. வெங்காயம் நடுகிறபோதும் புல் பிடுங்குகிறபோதும் மணிக்கணக்கில் குந்தி இருந்தால் முழங்காலுக்கு வெளிப்புறத்தில் ஓடுகிற நரம்பு நசுங்கும். கால் விறைத்து, பிறகு பாதம் தூக்க முடியாமல் தொங்கிவிடும். ஒரு சின்னப் பலகையில் இருந்து செய்யுங்கள், கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்புங்கள். என்னைப்போல மணிக்கட்டுக்காரருக்கு: இரவில் மணிக்கட்டு மடியாமல் நேராக வைத்திருக்கிற பட்டி கட்டிக்கொண்டு ஆறு கிழமையாவது படுங்கள். கத்தரி பிடிக்கிற வேலையை நடுவில் நடுவில் விட்டு மாற்றிச் செய்யுங்கள். கையில் இருந்து சாமான் நழுவத் தொடங்கினால் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

சாப்பாடு பற்றி நீட்டவில்லை. குரக்கன் பிட்டும் ஒடியல் பிட்டும் நல்லதுதான், ஆனால் மா மாதான், அளவு இருக்கவேண்டும். மூன்று குழலை ஒன்றரையாக்கி முருங்கையிலை வறையை இரட்டியுங்கள். பனங்கட்டியும் சீனிதான், இதில் எங்கள் ஊர் தன்னைத்தானே ஏமாற்றுகிறது. சுருட்டை விடுங்கள். கந்தசட்டி விரதம் பிடிக்கிறதென்றால், இன்சுலினோ சீனிக் குளிசையோ போடுகிறவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். கூடியிருந்த சீனியைத் திடீரென்று தடாலடியாக இறக்கினாலும் சிலருக்குச் சில மாதம் எரிவு கூடும். பயந்து மருந்தை நிறுத்தாமல் போய்ச் சொல்லுங்கள்.

வெளியே தெரியாத நோ

கட்டுப் போட்டால் நம்புவார்கள், தடி ஊன்றினால் நம்புவார்கள். எரிவு யாருக்குத் தெரியும்? "நேற்று நல்லாத்தானே நடந்தவ" என்ற கதை காதில் விழும். நான் கொப்பியைக் காட்டினேன். பார்த்த பிறகு என் மனுசன் விடியத் தண்ணீர் அள்ளித் தரத் தொடங்கினார், ஒன்றும் பேசவில்லை.

எங்கள் ஊரில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. யுத்தத்தில் பட்ட செல் துண்டு உடம்புக்குள் இருக்கிறவர்கள், இல்லாத கால் இரவில் கடிக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்களோ என்று சொல்லாமல் இருக்கிறவர்கள். அது கற்பனை இல்லை, நரம்பு நோவில் ஒரு வகை. மருந்து இருக்கிறது. இருக்கிற காலைக் கண்ணாடியில் காட்டி மூளையைப் பழக்குகிற பயிற்சியும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இயன்மருத்துவப் பகுதியில் கேளுங்கள், பொய்க்கால் பொருந்தாமல் நெரிக்கிறதென்றால் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தில் காட்டுங்கள். சாக வேண்டும்போல நினைப்பு வந்தால் அதையும் நோவின் கணக்கில் வைத்து அன்றைக்கே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

குண்டூசி விசயத்துக்கு வருவேன். பழைய ஸ்பீக்கர் ஒன்றில் இருந்து காந்தத்தைக் கழற்றி, கயிறு கட்டி மெசின் காலில் தொங்கவிட்டிருக்கிறேன். வேலை முடிந்ததும் நிலம் முழுக்க இழுத்துக்கொண்டு போவேன். நேற்று ஒன்பது ஊசி.